ஜப்பானிய மொழி படிக்க வார வகுப்பா, புத்தகமா, ஆப்பா? நவம்பரைத் தாண்டுவது எது?

இரண்டாம் ஆண்டு ஜூலையில் எங்கள் கல்லூரியிலிருந்து ஐந்து பேர் சனி, ஞாயிறு ஜப்பானிய வகுப்பில் சேர்ந்தோம். தீபாவளி முடிந்து பார்த்தால் இரண்டு பேர்தான் மிச்சம், அந்த இரண்டு பேரில் நான் இல்லை. யாருக்கும் ஆர்வம் குறைந்துவிடவில்லை. மாடல் எக்ஸாம், ரெக்கார்டு நோட்டு, பிராக்டிகல் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து விழுந்தன, மூன்று வாரம் வகுப்புக்குப் போக முடியவில்லை, திரும்பிப் போனபோது ஆசிரியர் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. அதனால் எந்த வழியில் படிக்கலாம் என்று ஜூனியர்கள் கேட்டால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான், அந்த வழி நவம்பர் மாதத்தைத் தாண்டுமா என்று.

முதலில் வகுப்பு. பெரும்பாலான இடங்களில் ‘மின்னா நோ நிஹோங்கோ’ புத்தகத்தைத்தான் வைத்து நடத்துகிறார்கள். அடிப்படை நிலையில் மொத்தம் 50 பாடம், முதல் புத்தகத்தில் 25, இரண்டாவதில் 25. எங்கள் வகுப்பில் வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு பாடம் ஓடியது. ஜூலையில் சேர்ந்து முதல் மூன்று நான்கு வாரம் ஹிரகானா, கதகானா எழுத்துகளுக்குப் போனால் 14ஆம் பாடம் எப்போது வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், நேராக நவம்பரில் வந்து நிற்கும். அந்த 14ஆம் பாடத்தில்தான் ‘தெ வடிவம்’ வருகிறது. அதுவரை வினைச்சொல்லின் முடிவில் ‘மாஸ்’ என்ற விகுதியைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, ஒவ்வொரு வினையும் ஒவ்வொரு மாதிரி திரியும் இடம் அது. அதற்கு மேல் வரும் பாடங்கள் பலவும் அதன் மேல்தான் நிற்கின்றன. செமஸ்டர் பரீட்சையும் தெ வடிவமும் ஒரே மாதத்தில் மோதுவதுதான் நான் பார்த்தவரை வகுப்பைப் பாதியில் விடுவதற்குப் பெரிய காரணம்.

ஆனாலும் வகுப்பு தரும் ஒன்றை வேறு எதுவும் தராது. ஆரம்பத்தில் நான் நோட்டில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதிவைத்தேன், வேகமாக இருந்தது. பல்கலைக்கழகம் என்பதற்கு ‘தைகக்கு’ என்று எழுதியிருந்தேன். முதல் எழுத்தைத் ‘தம்பி’யில் வரும் த போலச் சொன்னேன். ஆசிரியர் உடனே நிறுத்தி, அதைத் ‘தனம்’ என்பதில் ஒலிப்பது போல அழுத்திச் சொன்னால்தான் பல்கலைக்கழகம், நீங்கள் சொன்னது படிப்பை விட்டு விலகுவது என்றார். ஜப்பானியத்தில் அவை இரண்டு வேறு சொற்கள், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றேதான். ஆரஞ்சு நிறத்தில் வரும் சீமைப் பனிச்சைப் பழத்துக்கான சொல்லும் சாவிக்கான சொல்லும்கூட நம் எழுத்தில் ஒன்றாகிவிடும். அன்றைக்கே தமிழில் எழுதுவதை விட்டுவிட்டு ஹிரகானாவுக்கு மாறினேன். புத்தகம் என்னைத் திருத்தியிருக்காது, ஆப்பும் திருத்தியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

சரி, வகுப்பு இல்லாமல் புத்தகத்தை மட்டும் வைத்துப் படிப்பதென்றால்? போட்டியில் இருப்பவை இரண்டு, மின்னாவும் கெங்கியும். மின்னாவின் முதன்மைப் புத்தகம் முழுக்க ஜப்பானியத்தில்தான் இருக்கும், அர்த்தமும் இலக்கண விளக்கமும் தனிப் புத்தகம், ஆக ஒரு நிலைக்கு இரண்டு புத்தகம் வாங்கியாக வேண்டும். கோயல் பதிப்பகத்தின் இந்தியப் பதிப்பு இருப்பதால் கிடைப்பது சிரமமில்லை. அதில் வரும் மில்லர் ஒரு கம்பெனி ஊழியர், சொற்களும் பெரும்பாலும் அலுவலகம், மேலாளர், பிசினஸ் டிரிப் என்றுதான் போகும். கெங்கி அமெரிக்கக் கல்லூரி மாணவி மேரி ஜப்பானுக்குப் படிக்கப் போவதில் தொடங்குகிறது, வகுப்பு, ஹோம்வொர்க், பார்ட் டைம் வேலை எல்லாம் நம் வயதுக்கு ஒட்டிவரும். விளக்கம் ஆங்கிலத்தில் அதே புத்தகத்தில் இருக்கிறது. 2 தொகுதிகளில் 23 பாடம், தெ வடிவம் 6ஆம் பாடத்திலேயே வந்துவிடும்.

தனியாகப் படிப்பவருக்கு நான் கெங்கியைத்தான் சொல்வேன். மின்னா ஆசிரியர் ஒருவர் எதிரில் நிற்பார் என்று நினைத்து எழுதப்பட்டது, ஆசிரியர் இல்லாமல் அதைத் திறந்தால் படத்தைப் பார்த்து வாக்கியம் அமைக்கும் பயிற்சியில் எது சரி என்று சொல்ல ஆளிருக்காது. ஆனால் கெங்கியிலும் இரண்டு பேர் சேர்ந்து செய்யும் பயிற்சி நிறைய உண்டு, ஹாஸ்டலில் ஒரு துணை கிடைத்தால் நல்லது. புத்தகத்தைப் பொறுத்தவரை நவம்பரில் அது உங்களுக்காகக் காத்திருக்கும், வகுப்பு மாதிரி முன்னே ஓடிவிடாது. சிக்கல் என்னவென்றால் ஜனவரியிலும் அது காத்துக்கொண்டேதான் இருக்கும். எனக்கு அப்படி ஒரு வருஷம் போனது.

ஆப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. டுவோலிங்கோவில் தினமும் பத்து நிமிஷம் தட்டலாம், பஸ்ஸில் நின்றுகொண்டேகூட முடியும், நவம்பரைச் சுலபமாகத் தாண்டும். ஆனால் கொடுத்த சொற்களை இழுத்து அடுக்குவதும் நாமே வாக்கியம் யோசிப்பதும் வேறு வேறு வேலை. என் தோழி அதில் இருநூறு நாளுக்கு மேல் விடாமல் படித்தாள், நேற்று என்ன செய்தாய் என்று ஜப்பானியத்தில் கேட்டபோது அவளுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. ஆங்கி வேறு ரகம், அது பாடம் நடத்துவதில்லை, மறக்கப்போகும் நேரம் பார்த்து கார்டை மறுபடி காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. பரீட்சை மாதத்தில் புதுக் கார்டு எண்ணிக்கையை ஜீரோ ஆக்கிவிட்டுப் பழையதை மட்டும் தினமும் பாருங்கள், ஒரு மாதம் கழித்து வந்தாலும் சொற்கள் கையில் இருக்கும்.

இந்த மூன்றுமே நமக்குச் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். இலக்கண விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது, அதனால் வினை கடைசியில் வருவதையும் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதையும் பெரிய விஷயமாக விளக்குவார்கள். நமக்கு அது வீட்டுப் பேச்சு. தெ வடிவம் என்பது நம் வினையெச்சம்தான், ‘கைதெ’ எழுதி, ‘யொந்தெ’ படித்து, ‘இத்தெ’ போய். ‘தபெதெ மிமாஸ்’ என்றால் சாப்பிட்டுப் பார்க்கிறேன், அதில் வரும் ‘மி’ நிஜமாகவே பார்ப்பதுதான். ‘வஸுரெதெ ஷிமாய்மஷித’ மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதற்கும் மறந்துவிட்டேன் என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஆங்கிலத்தில் அரைப் பக்கம் விளக்கியிருப்பார்கள், தமிழில் ஒரு சொல் போதும். இதை வைத்து இரண்டு மொழியும் ஒரே குடும்பம் என்று சொல்லிவிட முடியாது, ஜப்பானிய மொழி அறிஞர் சுசுமு ஓனோ அப்படி ஒரு உறவை வாதிட்டார், மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் படிப்பவருக்கு லாபம் லாபம்தான்.

தமிழ் காலை வாரும் இடமும் உண்டு. நூலகத்தில் இருக்கிறேன், நூலகத்தில் படிக்கிறேன், நமக்கு இரண்டுக்கும் ஒரே ‘இல்’. அவர்களுக்கு இருப்பதற்கு ‘நி’, அங்கே ஒரு வேலை செய்வதற்கு ‘தெ’ (இது de என்ற உருபு, மேலே சொன்ன தெ வடிவம் வேறு). இதில் நான் இன்னமும் தப்பு செய்கிறேன். கஞ்சி எனப்படும் சீன எழுத்துகளுக்கு எந்த மொழியும் உதவாது, அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2,136 எழுத்து. கையால் எழுதி எழுதித்தான் எனக்கு நின்றது.

தேர்வுக்காக என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். ஜேஎல்பிடி எனும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சும் கிடையாது, எழுதுவதும் கிடையாது, எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். தொடக்க நிலையான என்5இல் 180க்கு 80 எடுத்தால் போதும், ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு, கேட்டலில் அது 60க்கு 19. ஆக, கெங்கியும் ஆங்கியும் வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் சான்றிதழ் வாங்கிவிடலாம். ஜப்பானியக் கம்பெனி நேர்காணலில் உங்களைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசுங்கள் என்றால் அது உதவாது.

நான் மறுபடி தொடங்குவதாக இருந்தால் செமஸ்டர் லீவில் 46 ஹிரகானா, 46 கதகானா இரண்டையும் நானே எழுதி முடிப்பேன். கெங்கியில் தெ வடிவம் வரை ஒரு முறை பார்த்துவிட்டு அப்புறம்தான் வகுப்பில் சேர்வேன், நவம்பரில் அந்தப் பாடம் வந்தாலும் ஏற்கெனவே பார்த்த முகமாக இருக்கும். தேர்வுக்கு டிசம்பரை விட்டு ஜூலையைப் பிடியுங்கள். டிசம்பர் தேர்வு முதல் ஞாயிறு, நமக்கு செமஸ்டர் பரீட்சை நடந்துகொண்டிருக்கும் நேரம். ஜூலை என்றால் மே கடைசியும் ஜூனும் உங்கள் கையில். விண்ணப்பம் மட்டும் சில மாதங்களுக்கு முன்பே மூடிவிடுவார்கள், இன்டர்னல் டெஸ்ட் பரபரப்பில் நான் ஒரு முறை தேதியைத் தவறவிட்டு அடுத்த ஆறு மாதம் காத்திருந்தேன்.