பவர் பிரஸ்ஸுக்கு எது: இரு கை பட்டனா, லைட் கர்ட்டனா?

கோவை, ஓசூர் பக்கம் சின்ன பிரஸ் ஷாப் வைத்திருப்பவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது. உலோகத் தகட்டை டையில் (அச்சில்) அடித்து வடிவமாக்கும் பவர் பிரஸ்ஸில் கை சிக்காமல் காக்க இவை இரண்டு வழி: பட்டன் என்றால், இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும்; லைட் கர்ட்டன் என்றால், கை குறுக்கே வந்ததும் பிரஸ்ஸை நிறுத்தும் ஒளிக்கதிர்த் திரை.

விலை: பட்டன் மலிவு. கர்ட்டனுக்குப் பல மடங்கு ஆகும்.

யாருக்குக் காவல்: பட்டன், அழுத்துகிற ஆளுக்கு மட்டும், ஹெல்பர் கை நீட்டினால் அதற்குத் தெரியாது. கர்ட்டன், முன்பக்கம் யார் கை வந்தாலும் நிறுத்தும். பக்கவாட்டிலும் பின்னாலும் தனியாகக் கம்பி வலை வேண்டும்.

ஏமாற்று வேலை: ஒரு பட்டனில் குச்சியைச் சொருகிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவது ஊரறிந்த தந்திரம். இரண்டையும் 0.5 நொடிக்குள் அழுத்தினால்தான் ஓடும், ஒவ்வொரு அடிக்கும் விட்டு அழுத்தணும் என்கிற ரிலே போட்டால் அது பலிக்காது.

சரி, இதையெல்லாம் விட முக்கியம் கிளட்ச், அதாவது மோட்டாரின் ஓட்டத்தை அடிக்கும் பாகத்தோடு இணைக்கும் பாகம். பழைய பின் கிளட்ச் (pin clutch, ஊசி போன்ற முளையால் பூட்டிக்கொள்வது) பிரஸ் இறங்கத் தொடங்கினால் சுற்று முடியாமல் நிற்காது. அதில் கர்ட்டன் மாட்டுவது காசைக் கரைக்கிற வேலை. நடுவழியில் நிற்கும் நியூமேட்டிக் (காற்றழுத்த) கிளட்ச் இருந்தால்தான் பயன். அப்புறம் தூரக் கணக்கு: கை நொடிக்கு 2,000 மி.மீ. போகும் என்று வைப்பார்கள். 14 மி.மீ. தடிமனை, அதாவது விரலையே, உணரும் கர்ட்டன், பிரஸ் நிற்க மொத்தம் 0.2 நொடி என்றால், டையிலிருந்து 400 மி.மீ.யாவது தள்ளி இருக்கணும்.

ஒரே ஆள், வேலைத்துண்டு டையில் தானாக உட்காரும் என்றால் பட்டன் போதும். ஹெல்பரும் நிற்கிற, வேகமாக ஓடுகிற நியூமேட்டிக் பிரஸ்ஸுக்குக் கர்ட்டன். பின் கிளட்ச்சா? கை நுழையாதபடி டையைச் சுற்றி நிலையான தடுப்பு (guard) போட்டுவிடுங்கள்.