லூவரா, ஹெர்மிடாஜா?

பாரிஸின் லூவர், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள ஹெர்மிடாஜ். இரண்டுமே மன்னர்கள் வாழ்ந்த மாளிகைகள், இன்று அருங்காட்சியகங்கள். இரண்டிலும் லியொனார்டோவும் உண்டு, ரெம்பிராண்டும் உண்டு. ஓவியத்தோடு அரண்மனையையும் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் ஹெர்மிடாஜைத்தான் சொல்வேன்.

பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயி 1682இல் அரசவையை வெர்சாய் அரண்மனைக்கு மாற்றிக்கொண்டார். புரட்சி வந்து, 1793இல் லூவர் அருங்காட்சியகமாகத் திறந்தது. 1989இல் முற்றத்தில் கண்ணாடிப் பிரமிடும் எழுந்தது. அப்போலோ கூடம் போன்ற சில இடங்களைத் தவிர, உள்ளே நடக்கும்போது இது அரண்மனை என்பதே மறந்துவிடும். ஹெர்மிடாஜின் குளிர்கால அரண்மனையில் அப்படி மறக்கவே முடியாது. தங்கப்பூச்சு மின்னும் ஜோர்டான் படிக்கட்டும், பச்சை மாலகைட் கல் தூண்கள் நிற்கும் அறையும் கண்ணைப் பிடித்து நிறுத்திவிடும். அப்புறம்தான் படங்கள்.

லூவரில் உள்ள லியொனார்டோவின் மோனாலிசா 77 செ.மீ. உயரம்தான். கண்ணாடிக்குப் பின்னால், கூட்டத்துக்கு அப்பால் இருக்கிறாள். அதே அறையில் அவளுக்கு எதிரே இத்தாலிய ஓவியர் வெரொனேசேயின் 'கானாவூர்த் திருமணம்' கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கிறது. பெரும்பாலோர் அதற்கு முதுகைக் காட்டியபடி நிற்கிறார்கள். தயவுசெய்து திரும்பிப் பாருங்கள்.

ஹெர்மிடாஜில் ரெம்பிராண்ட் தம் கடைசிக் காலத்தில் வரைந்த 'ஊதாரி மகனின் திரும்பல்' இருக்கிறது. உயரம் இரண்டரை மீட்டருக்கும் மேல். மண்டியிட்ட மகனின் தேய்ந்த பாதம் நம் பக்கம் தெரிகிறது. அவன் முதுகில் தகப்பனின் இரண்டு கைகள். பைபிள் கதை தெரியாதவருக்கும் அந்தக் கைகள் போதும். இரண்டாம் உலகப் போரில் நகரம் முற்றுகைக்கு உள்ளாகும் முன்பே படங்களை யூரல் மலைப் பக்கம் அனுப்பிவிட்டு வெறும் சட்டங்களை மட்டும் சுவரில் விட்டுவைத்தார்கள். படம் இல்லாத அந்தச் சட்டங்களைக் காட்டியே படைவீரர்களுக்கு ஓவியங்களை விளக்கிய வழிகாட்டி ஒருவரும் அங்கே இருந்தார். ஓவியத்தை நேசிப்பது என்றால் எனக்கு அதுதான்.

பழங்காலக் கலைதான் உங்களுக்கு முக்கியம் என்றால், சந்தேகமே வேண்டாம், லூவருக்குப் போங்கள். பாபிலோன் மன்னர் ஹமுராபியின் சட்டக்கல், 'தாரு' என்ற படிக்கட்டின் உச்சியில் சிறகு விரித்து நிற்கும் கிரேக்கச் சிலையான சமோத்ரேஸ் வெற்றித் தேவதை, எகிப்தியக் கூடங்கள்: இந்த வரிசைக்கு ஹெர்மிடாஜில் ஈடு இல்லை. லூவரின் சுல்லி என்ற பகுதியின் கீழ்த்தளத்தில் 12ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் அடித்தளச் சுவரையும் பார்த்துவிடுங்கள்.

லூவருக்குச் செவ்வாய் விடுமுறை, ஹெர்மிடாஜுக்குத் திங்கள். ஹெர்மிடாஜில் உள்ள, பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் 'நடனம்' குளிர்கால அரண்மனைக்குள் இல்லை; சதுக்கத்தின் எதிர்ப்புறம் உள்ள ஜெனரல் ஸ்டாஃப் கட்டடத்தில் இருக்கிறது. அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.