பத்து நிமிட மொழிபெயர்ப்பும் ஐயாவின் முத்திரையும்

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற ஒரு கொமினிகேஷன் கடை. பெயர் வேண்டாம். போட்டோக்கொப்பிக்கும் ஒன்லைன் விண்ணப்பத்துக்கும் தாராளமாகப் போகலாம். விலை நியாயம், பிள்ளைகள் மரியாதையானவர்கள். வாசலில் மட்டும் கடதாசியை இறுக்கிப் பிடியுங்கள். எங்கள் ஊர்த் தெருவில் திரியும் மான்களுக்கு அரசாங்கக் கடிதமும் வாழைப்பழத் தோலும் ஒன்றுதான்.

நான் சொல்ல வந்தது மொழிபெயர்ப்பைப் பற்றி. முன்பு பக்கத்துக்கு 600 ரூபாய், இரண்டு நாள். இப்போது 250 ரூபாய், பத்து நிமிடம். அம்மாவின் நிலாவெளிக் காணி பற்றி லோயர் இங்கிலிஷில் அனுப்பிய கடிதத்தைக் கொடுத்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வர, தமிழ் தயார். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. வீட்டில் வாசித்துக் காட்டினால் அம்மா கேட்கிறார்: "நான் எப்ப, பிள்ளை, மானியம் எடுத்தனான்? பசளை மானியம் அப்பாவின்ர பேரிலயெல்லோ வந்தது?"

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அரசு காணியைத் தரும் பத்திரம் இங்கிலிஷில் 'கிராண்ட்'. காணிக் கந்தோர்த் தமிழில் அது அளிப்பு. செயற்கை நுண்ணறிவு அதை மூன்று இடத்திலும் மானியம் ஆக்கியிருந்தது.

திரும்பிப் போய்க் கேட்டேன். கடைப் பிள்ளை மறைக்கவில்லை. "அது ஏ.ஐ. செய்தது அக்கா. ஐயா பார்க்க வேணுமெண்டா வெள்ளிக்கிழமை வாங்கோ." இதை முதலே சொல்லியிருக்கலாம். ரசீதில் 'மொழிபெயர்ப்பு' என்று மட்டும்தான் இருக்கிறது. அம்மாவின் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒரு வார்த்தை கேட்காமல் ஏ.ஐ.க்குள் போட்டிருக்கிறார்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது என்பதை யார் இவர்களுக்குச் சொல்வது?

வெள்ளிக்கிழமை போனேன். ஐயா சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். மேசையில் காணிச் சொற்கள் நிறைந்த பழைய தடித்த கொப்பி. அதைத் திறக்கவே இல்லை. மூன்று மானியத்தையும் சிவப்புப் பேனையால் வெட்டி, மேலே 'அளிப்பு' என்று எழுதினார். "முந்தி 600இல 400 எனக்கு. இப்ப பார்த்துக் குடுக்க 50. முத்திரை மட்டும் அதே முத்திரைதான் பிள்ளை" என்று சிரித்தார். நாளைக்குக் கோர்ட்டில் ஒரு சொல் பிழைத்தால் கூண்டில் ஏற்றிக் கேட்கப்போவது அந்த முத்திரைக்காரரைத்தான். அதற்கு 50 ரூபாய்.

போட்டோக்கொப்பிக்கு நாலு நட்சத்திரம். மொழிபெயர்ப்புக்கு இரண்டு, அந்த இரண்டும் ஐயாவுக்கு. போகிறவர்கள் அடையாள அட்டை இலக்கத்தை மறைத்துக் கொப்பி எடுத்துக் கொடுங்கள். வெள்ளி காலையிலேயே போய்விடுங்கள், பன்னிரண்டு மணிக்கு ஐயா எழும்பிப் போய்விடுவார்.