சந்தை மேசையா, முத்திரையா, கடனா, முன்பணமா? பெண் உற்பத்தியாளர்களுக்கு நம் சங்கங்கள் செய்யக்கூடியது

பினாங்கில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. கோயில் நிர்வாகம், மகளிர் பிரிவு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று பட்டர்வொர்த்திலிருந்து பாலிக் பூலாவ் வரை இருக்கின்றன. வீட்டில் பலகாரம் சுட்டு, ரவிக்கை தைத்து, மாலை கட்டி வாழும் பெண்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணமும் பல இடங்களில் உண்டு. எதைச் செய்வது என்பதில்தான் பேச்சு நீள்கிறது.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது தீபாவளிச் சந்தை. மண்டபத்தைத் திறந்து மேசை போட்டுவிட்டால் போதும். வாங்குகிறவரை நேரில் பார்க்கலாம், அடுத்த ஆர்டரும் பிடிக்கலாம். சரி, மீந்துபோன சரக்கு யார் தலையில் விழும்? மேசை எடுத்த அம்மாவின் தலையில்தான். கடையில் கொடுத்து, விற்ற பிறகு பணம் வாங்குவதும் இதே கதைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 பாக்கெட் முறுக்கு. மாவு, எண்ணெய், கேஸ், பை எல்லாம் சேர்த்து 120 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் ஆளுக்கு 6 மணி நேரம் பிழிந்து, சுட்டு, கட்டுகிறார்கள். மொத்தம் 12 மணி நேர உழைப்பு. கடையில் பாக்கெட் 3 வெள்ளிக்கு விற்கிறது, கடைக்காரர் 30 விழுக்காடு எடுத்துக்கொள்கிறார், 20 பாக்கெட் விற்கவில்லை. கைக்கு வருவது 168 வெள்ளி. செலவு போக 48. அதாவது மணிக்கு 4 வெள்ளி. 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. வீட்டில் சுடுகிறவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுதான். ஆனால் விலை பேசும்போது அளவுகோலாக அது இருக்க வேண்டும்.

மேசையை ஒழுங்காகவும் நடத்தலாம். பூர்வகுடிக் கைவினைஞர்களின் பொருள்களை விற்கும் 'கெராய் ஓஏ' தன்னார்வலர்களால் நடக்கிறது. விற்ற பணம் முழுவதும் செய்தவருக்கே போகிறது. சந்தைதான் வேண்டும் என்கிற சங்கம் அந்த அளவுக்காவது இறங்க வேண்டும்.

இரண்டாவது, நியாய வணிக முத்திரை (ஃபேர்டிரேட், விளைவித்தவருக்கு நியாயமான விலை போகிறது என்பதற்கான சான்று) உள்ள காப்பியும் தேயிலையும் வாங்குவது. இதை நான் மதிக்கிறேன். கழுவிப் பதப்படுத்திய அராபிக்கா காப்பிக்கு 2023 ஆகஸ்டில் குறைந்தபட்ச விலை பவுண்டுக்கு 1.80 அமெரிக்க டாலராக உயர்ந்தது. அதற்கு மேல் 20 சென்ட் ஊக்கத்தொகை. சந்தை விலை சரிந்தாலும் விவசாயிக்கு அதற்குக் கீழே போகாத ஒரு விலை கிடைக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் அந்த ஊக்கத்தொகையை எப்படிச் செலவிடுவது என்று தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் குழு முடிவு செய்கிறது. இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள் என்பதால் இது நமக்கு அந்நியமான விஷயமில்லை. குறை எங்கே என்றால், பல காப்பிக் கூட்டுறவுகளில் நிலம் யார் பெயரிலோ அவர்தான் உறுப்பினர், அது பெரும்பாலும் ஆண். சங்க அலுவலகத்துக்கு இந்தத் தேயிலை வாங்குங்கள். ஆனால் பிறையில் முறுக்குச் சுடுகிற அக்காவுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

மூன்றாவது, கடனுக்கு வழிகாட்டுவது. ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் அமைப்பான, 1987-இல் தொடங்கிய அமானா இக்தியாரின் வேர், அதற்கு முந்தைய ஆண்டு இங்கிருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திப் பார்த்த சிறுகடன் முயற்சியில் இருக்கிறது. இப்போது இந்தியப் பெண்களுக்கென்றே அதில் 'பெண்' என்ற கடன் திட்டம் உண்டு. பாரம் நிரப்ப உதவுவது நல்ல காரியம். ஆனால் வாங்க ஆள் இல்லாதபோது, கடனில் வாங்கிய மாவு அரைக்கும் இயந்திரம் வீட்டு மூலையில் நிற்கும், தவணை மட்டும் தவறாமல் வரும்.

ஆகவே என் ஓட்டு நான்காவதற்கு. சங்கமே வாடிக்கையாளராக வேண்டும், பாதிப் பணத்தை முன்னாலேயே கொடுக்க வேண்டும். உலக நியாய வணிக அமைப்பின் கொள்கைகளிலும் இது இருக்கிறது: கைவினைப் பொருளுக்கு, கேட்டால், குறைந்தது 50 விழுக்காடு வட்டியில்லா முன்பணம். அதே முறுக்கை பாக்கெட் 2 வெள்ளி 50 காசுக்குச் சங்கம் வாங்கட்டும். முன்பணம் 125 வெள்ளி, சாமான் செலவு அதிலேயே அடங்கிவிடும். மீதி 125 சரக்கு வந்த அன்றே. செலவு போக 130, மணிக்கு 10 வெள்ளி 83 காசு. கடை விலையைவிட 50 காசு குறைவாகச் சங்கமும் வாங்குகிறது. இடையில் யாரும் இல்லாததால் இரண்டு பக்கமும் லாபம்.

இதிலும் சிக்கல் உண்டு. பொருளாளரின் தங்கைக்கே ஒவ்வொரு முறையும் ஆர்டர் போனால் ஊர் பேசும், பேசத்தான் வேண்டும். விலைக் கணக்கை கூட்டத்தில் எல்லோர் முன்னும் வைத்து, சுற்று முறையில் கொடுங்கள். நிர்வாகம் மாறினாலும் தொடர, ஆர்டரை எழுத்தில் போடுங்கள். உணவு என்றால் உணவு கையாளுநர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். அந்தச் செலவைச் சங்கம் ஏற்கலாம்.

அப்புறம், நேரம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குப் பலகாரம் வேண்டுமென்றால் கார்த்திகையிலேயே ஆர்டரும் முன்பணமும் போய்ச் சேர வேண்டும். முந்தின வாரம் போன் போட்டு "அக்கா, கொஞ்சம் அவசரம்" என்றால், வேறு நல்ல ஆர்டரைத் தள்ளிவைத்துவிட்டு நமக்குச் சுட வேண்டியிருக்கும் அவர்களுக்கு.