படகில் ஓடிடி: சிக்னலைவிட பேட்டரிதான் பெரிய கேள்வி

படகில் தங்கும் நாட்களில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு படமோ இரண்டு எபிசோடோ பார்ப்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. பல சீசன்களாகப் பாய்மரப் படகின் கேபினில் ஒரு 24 அங்குல டிவியை மாட்டி வைத்திருக்கிறேன். படகுத்துறை வைஃபை, மொபைல் டேட்டா, கடைசியாகச் செயற்கைக்கோள் டிஷ் என்று எல்லா வழிகளிலும் பார்த்தாயிற்று. "எந்த இணையம் எடுக்கலாம்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் "பேட்டரி எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வி. இணையம் இப்போது எப்படியாவது கிடைத்துவிடுகிறது. ஆனால் இரவு முழுக்க ஃபிரிட்ஜும் நங்கூர விளக்கும் எந்த பேட்டரியில் ஓட வேண்டுமோ, டிவியும் அதில்தான் கை வைக்கிறது.

படகுத்துறை வைஃபையைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். காலையில் நன்றாக ஓடும். மாலையில் எல்லாப் படகுகளும் கட்டிய பிறகு படுத்துவிடும். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் உள்நுழைவுப் பக்கம் இன்னொரு தொல்லை. ஓடிடி பார்க்க டிவியில் செருகும் ஸ்டிக் பலவற்றில் அந்தப் பக்கத்தைத் திறந்து எழுதுவது பெரும்பாடு. ஒரு சின்ன பயண ரவுட்டர் வாங்கி, அதை மட்டும் துறையின் வைஃபையில் சேர்த்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் ரவுட்டரில் சேர்ப்பதுதான் நிம்மதி. அந்த ரவுட்டர் அப்புறம் மொபைல் சிம்முக்கும் டிஷ்ஷுக்கும் கூடப் பயன்பட்டது. டிவியின் அமைப்பை ஒருமுறைகூட மாற்ற வேண்டி வரவில்லை.

கரையோரமாகவே சுற்றுபவர்களுக்கு மொபைல் டேட்டாவே போதும் என்பது என் கருத்து. ஆன்டெனாவைப் பாய்மர உச்சியில் கட்டினால்தான் சிக்னல் வரும் என்று பலர் சொல்வார்கள். கணக்கு போட்டுப் பாருங்கள். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் வானொலி அலைக்கான தொடுவானத் தூரம், அதாவது அலை எட்டும் எல்லை, கிலோமீட்டரில் வரும். 36 மீட்டர் டவருக்கு அது சுமார் 25 கிலோமீட்டர். படகின் பின்பக்கச் சட்டத்தில் 4 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் இன்னும் 8 சேர்ந்து 33. அதையே 16 மீட்டர் உச்சிக்கு ஏற்றினால் மொத்தம் 41. அந்த 8 கிலோமீட்டருக்காக உச்சியிலிருந்து கேபின் வரை நீளமான ஆன்டெனா கேபிள் இழுத்தால், வந்த சிக்னலில் பெரும்பகுதியைக் கேபிளே தின்றுவிடும். நான் ஆன்டெனாவைப் பின்பக்கமே வைத்து, ரவுட்டரை அதன் அருகிலேயே பொருத்தினேன். உயரத்தைவிட, கேபினுக்கு வெளியே வந்ததுதான் பெரிய வித்தியாசம் தந்தது. இரும்பு, அலுமினியப் படகென்றால் அந்த வித்தியாசம் இன்னும் அதிகம்.

டேட்டா விஷயத்தில் ஒரு அமைப்பை மாற்றினாலே பாதிக் கவலை தீரும். நெட்ஃபிளிக்ஸின் கணக்குப்படி ஹெச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும்; 4கே என்றால் 7 ஜிபி வரை. நடுத்தர தரத்துக்கு இறக்கினால் சுமார் 0.7 ஜிபிதான். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து 24 அங்குலத் திரையில் பார்க்கும்போது என் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. படகில் 4கே என்பது வெறும் பெருமை. அடுத்த எபிசோட் தானாக ஓடுவதையும் அணைத்துவிடுங்கள். யாராவது தூங்கிவிட்டால் டேட்டாவும் போகும், பேட்டரியும் போகும்.

சரி, டிஷ்ஷுக்கு வருவோம். முன்பெல்லாம் படகில் டிவி என்றால் வெள்ளைக் குவிமாடத்துக்குள் மோட்டாரால் திரும்பும் ஆன்டெனா. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளைப் படகு ஆட ஆடத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டார்லிங்க் என்ற இணையச் சேவையின் செயற்கைக்கோள்கள் சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுபவை. தட்டையான ஆன்டெனா அசையாமலேயே மின்னணு முறையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொள்கிறது. கடல் பயணத்துக்கான சேவை 2022-இல் வந்தது. கைப்பையில் வைக்கும் அளவிலான மினி டிஷ் 2024-இல். என்னைப் போன்ற சிறிய படகுக்காரர்களுக்கு அந்த மினிதான் திருப்புமுனை. காரணம் வேகம் அல்ல. 12 முதல் 48 வோல்ட் டிசியை நேரடியாக வாங்கிக்கொள்கிறது, சராசரியாக 25 முதல் 40 வாட்தான் எடுக்கிறது. வீட்டுக்கான வழக்கமான டிஷ் 75 முதல் 100 வாட் கேட்கும்.

நங்கூரத்தில் நிற்கும்போது டிஷ்ஷின் குணம் துறையில் பார்த்ததுபோல் இருக்காது. காற்று திரும்பினால் படகு திரும்பும், நீரோட்டம் மாறினாலும் திரும்பும். டிஷ்ஷுக்கும் வானத்துக்கும் நடுவே பாய்மரம் எந்தத் திசையில் வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. என் படகில் பின்பக்கம் வைத்த டிஷ்ஷுக்கு முன்னால் சுருட்டிய முதன்மைப் பாய் பெரிய மறைப்பு. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிக் கயிறுகள் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. மறைப்பால் இணைப்பு சில நொடிகள் விட்டு விட்டு அறுகிறது. பதிவு செய்த படம் என்றால் ஏற்கெனவே சேர்த்து வைத்த காட்சிகள் ஓடிக்கொண்டிருக்கும், அது தெரியவே தெரியாது. நேரலை விளையாட்டில் அந்தச் சேமிப்பு குறைவு. சரியாகக் கோல் விழும் நேரத்தில் வட்டம் சுற்றும். அடைமழையிலும் இதே கதை. வாங்குமுன் இன்னொன்று: நிலத்தில் சுற்றுவதற்கான திட்டமும் நடுக்கடலுக்கான திட்டமும் வேறு வேறு. கரையிலிருந்து எவ்வளவு தூரம் வரை செல்லும் என்பதை அன்றைய நிபந்தனைகளில் படித்துக்கொள்ளுங்கள். அவை அடிக்கடி மாறுகின்றன.

இப்போது பேட்டரி. டிவி 30 வாட், ஸ்டிக் 5, மினி டிஷ் 30. மொத்தம் 65 வாட் என்றால் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 5.4 ஆம்பியர். மூன்று மணி நேரத்துக்கு 16 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் நிம்மதியாக எடுக்கலாம். அதில் மூன்றில் ஒரு பங்கு படத்துக்கே போயிற்று. லித்தியம் என்றால் கொஞ்சம் தாராளம். ஆனால் இதைவிடப் பெரிய திருடன், படம் முடிந்த பிறகும் விடிய விடிய ஓடும் டிஷ். எட்டு மணி நேரத்தில் அது மட்டும் 20 ஆம்பியர்-மணி எடுத்துவிடும், படம் பார்த்ததைவிட அதிகம். அதனால் டிஷ், ரவுட்டர், டிவி மூன்றுக்கும் சேர்த்துப் படுக்கை அருகே ஒரே சுவிட்ச் வைத்திருக்கிறேன். இவ்வளவு செலவில் நான் செய்த வேலைகளில் இந்தச் சுவிட்சுக்கு நிகர் எதுவும் இல்லை.

இன்வெர்ட்டர் வழியாக வீட்டு டிவி ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டிசியை ஏசியாக்கி, டிவியின் அடாப்டரில் மறுபடி டிசியாக்குவதில் இரண்டு பக்கமும் நஷ்டம். எதுவும் ஓடாவிட்டாலும் இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டே இருக்கும். அடாப்டரில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் வீட்டு டிவியைப் பேட்டரியில் நேராகச் செருகுவதும் ஆபத்து. சார்ஜ் ஏறும்போது பேட்டரியின் மின்னழுத்தம் 14.4 வோல்ட்டைத் தாண்டும், எஞ்சினைக் கிளப்பும்போது சடாரென்று இறங்கும். நடுவில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும், அல்லது படகு, கேரவன்களுக்கென்றே செய்த டிவி வேண்டும்.

அந்தக் கன்வெர்ட்டரை மலிவாக வாங்காதீர்கள். மலிவானவை, படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவில் இரைச்சலைக் கலக்கும். எல்இடி விளக்குகளால் இதே பிரச்சினை வருவதாக அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் எச்சரிக்கை வெளியிட்டது. சோதிப்பது எளிது. ரேடியோவில் ஆளில்லாத சேனலுக்குப் போய், இரைச்சல் அடங்கும் இடத்தில் ஸ்கெல்ச் குமிழை நிறுத்துங்கள். பிறகு டிவியைப் போடுங்கள். இரைச்சல் மறுபடி கிளம்பினால் குற்றவாளி அங்கேதான். அவசர அழைப்பு வரும் 16-ஆம் சேனல் கேட்காமல் போவதற்கு எந்தத் தொடரும் ஈடில்லை. ஒலிபெருக்கியின் காந்தத்தைத் திசைகாட்டிக்கும் தானியங்கிச் சுக்கானின் உணரிக்கும் அருகில் கொண்டுபோகாமல் இருப்பதும் முக்கியம்.

சத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. நங்கூரம் இழுபட்டால் எச்சரிக்கும் அலாரம் பலருக்கும் போனில்தான் இருக்கிறது. அதே போன் ஹாட்ஸ்பாட்டாகி, டிவிக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தால் யாருக்குக் கேட்கும்? எங்கள் படகில் அலாரத்துக்குத் தனிப் பழைய போன். காற்று அதிகமுள்ள இரவில் இயர்போன் போட்டுப் பார்ப்பது யாருக்கும் அனுமதியில்லை.

ஓடிடிகளின் வீட்டு விதிகளும் படகுக்காரர்களைச் சோதிக்கும். நான் சந்தா கட்டும் ஒரு தளம், படகு டிவியை "உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல" என்று சொல்லி அவ்வப்போது போனுக்கு வரும் குறியீட்டைக் கேட்கிறது. டிஷ் இணையத்தில் நம் இருப்பிடம் வேறு ஊராகக் காட்டப்படுவதும் உண்டு. அப்போது உள்ளூர் நேரலைச் சேனல்கள் கைவிரித்துவிடும். நாட்டு எல்லை தாண்டினால் பட்டியலே மாறும்.

இத்தனைக்கும் பிறகு, காற்று பலமாக இருக்கும் என்று தெரிந்தாலோ, பேட்டரி குறைவாக இருந்தாலோ நான் டிஷ்ஷைத் தொடுவதே இல்லை. கிளம்புமுன் டேப்லெட்டில் பதிவிறக்கி வைத்ததை ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாக டிவியில் போடுகிறேன். இணையமே வேண்டாம், பாதி மின்சாரம் மிச்சம். கவனிக்க வேண்டியது காலக்கெடு: பல தலைப்புகளில் ஒருமுறை பார்க்க ஆரம்பித்தால் 48 மணி நேரத்தில் அனுமதி முடிந்துவிடும், புதுப்பிக்க இணையம் வேண்டும். அதனால் வெவ்வேறு படங்களைப் பாதி பாதியாகத் திறந்து பார்க்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எல்லாத் தளங்களும் பதிவிறக்கிய படத்தைக் கேபிள் வழியாக வெளியே விடுவதில்லை. திரை கறுப்பாகி ஒலி மட்டும் வரும். கரையில் இருக்கும்போதே டேப்லெட்டை விமானப் பயன்முறையில் போட்டு, அதே கேபிளில், அதே டிவியில் ஒவ்வொரு தளத்தையும் ஒரு நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். கேபிள் முனை உப்புக் காற்றில் பச்சை பிடித்திருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். மாற்றுக் கேபிள் ஒன்றை ஜிப் பையில் போட்டு வைப்பதும் நல்லது.