எங்கள் வீட்டு 214 கேசட்டும், பேசினால் பாடும் ஸ்பீக்கரும்

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஊரெல்லாம் கேட்கிற பாட்டைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள் என்றால், குரலில் இயங்கும் ஸ்மார்ட் ஸ்பீக்கர் நல்ல பொருள், தாராளமாக வாங்கலாம். சொந்தமாகச் சேர்த்து வைத்த பாட்டுகளை, அதிலும் வேறு யாரிடமும் இல்லாத பதிவுகளை, வாயால் கேட்டதும் அது போட்டுவிடும் என்று நினைத்து வாங்கப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். ஏழு மாதம் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டுச் சேகரிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிரச்சினையே அங்கேதான் தொடங்குகிறது. கும்பகோணத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 74. ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ இன் ஒன் வாங்கிய நாளிலிருந்து அவர் ரேடியோவுக்குப் பக்கத்தில் வெற்று கேசட்டோடு உட்கார்ந்தவர். திருச்சி வானொலிக் கச்சேரிகள், சனிக்கிழமை ராத்திரி வருகிற அகில பாரத சங்கீத நிகழ்ச்சி, நாதஸ்வரம், புல்லாங்குழல் என்று எதையும் விட்டதில்லை. அது போக, அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் சென்டர் என்று ஒன்று உண்டு, வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் எல்.பி. தட்டிலிருந்து கேசட்டில் ஏற்றித் தருவார்கள். அப்படிச் சேர்ந்தவை ஒரு நாற்பது ஐம்பது. மொத்தம் 214 கேசட். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, நீளமான கணக்கு நோட்டில் பச்சை மையால் ராகம், பாடியவர், பக்கவாத்தியம், தேதி எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அதில் 43-ம் நம்பரை மட்டும் தனியாகச் சொல்கிறேன். ஒரு பக்கம் ரேடியோவில் பிடித்த நாதஸ்வரக் கச்சேரி. மறுபக்கம் 1988-ல் அத்தை கல்யாணத்தில் எங்கள் பாட்டி பாடிய நலங்குப் பாட்டு, பின்னால் வெற்றிலைத் தட்டு நகர்த்துகிற சத்தம், யாரோ காபி கேட்கிற சத்தம், நடுவில் கைக்குழந்தையாக நான் அழுகிற சத்தம். பாட்டியின் குரல் உலகத்தில் இந்த ஒரு டேப்பில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் கணினிக்கு மாற்றுவதற்குக் குறுக்குவழி எதுவும் இல்லை. ஒரு மணி நேர டேப் மாற ஒரு மணி நேரம்தான் ஆகும். கேசட் டெக்கில் ஒலி வெளியே வருகிற லைன் அவுட்டிலிருந்து கணினிக்கு ஒரு வயர், ஆடாசிட்டி என்கிற இலவச மென்பொருள், ஒன்றரை வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். கிட்டத்தட்ட 260 மணி நேரம், 192 கேபிபிஎஸ் எம்பி3-யாக 22 ஜிபி. எல்லாம் முடிந்தபோது அப்பாவுக்குப் போனில் போட்டுக் கேட்பது சிரமமாகிவிட்டது. கண்புரை ஆபரேஷன் ஆகியும் சின்ன எழுத்து படிக்க வரவில்லை, விரல் நடுக்கத்தில் ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறக்கும். பேசினாலே பாடுகிற பெட்டி இவருக்கு எவ்வளவு வசதி என்று நினைத்துத்தான் 4,499 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

முதல் நாள் சாயங்காலம் அப்பா சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு வந்து அதன் எதிரில் உட்கார்ந்தார். நான் சொல்லிக் கொடுத்தபடி அதன் பெயரைக் கூப்பிட்டு, "ப்ளே தோடி" என்று தோடி ராகத்தைக் கேட்டார். பெட்டிக்கு அது "டுடே" என்று காதில் விழுந்திருக்கிறது. இன்றைய ஹிட் பாட்டுகள் என்று ஏதோ இந்திப் பாட்டைப் போட்டது. "கல்யாணி" என்று இன்னொரு ராகத்தைக் கேட்டால் சினிமாப் பாட்டு. "டி.என். ராஜரத்தினம் பிள்ளை" என்று முழுப்பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார், தெரியவில்லை மன்னிக்கவும் என்று இங்கிலீஷில் பதில் வந்தது. நாதஸ்வரத்தில் தோடி என்றாலே தஞ்சாவூர்ப் பக்கத்தில் முதலில் வருகிற பெயர் அது. அப்பா கோபப்படவில்லை. "ஏம்ப்பா, நம்ம டேப்பெல்லாம் இதுல வராதா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

வராது என்பதற்குக் காரணம் இந்தப் பெட்டி வேலை செய்கிற விதத்திலேயே இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதை மட்டும்தான் அது தானாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அதற்கப்புறம் நாம் பேசுவது இன்டர்நெட் வழியாக வெளியே எங்கோ இருக்கிற சர்வருக்குப் போய், எழுத்தாக மாறி, ஏதோ ஒரு ஸ்ட்ரீமிங் சேவையின் பட்டியலோடு ஒப்பிடப்பட்டு, அங்கிருந்தே பாட்டும் வருகிறது. உங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க் அந்தப் பாதையில் எங்கேயும் இல்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே டிஸ்க்கை வைத்தாலும் அப்படி ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. இன்னொன்று, பேச்சை எழுத்தாக மாற்றும்போது நிறையப் பேர் கேட்கிற பெயர்கள் பக்கம்தான் அது சாயும், அரிதான பெயர் என்றால் தெரிந்த பெயராகத் திருப்பிக்கொள்ளும். நான் வாங்கிய பெட்டிக்கு இங்கிலீஷும் இந்தியும்தான் தெரியும், தமிழ் தெரியாது. அதனால் தோடி டுடே ஆனதில் ஆச்சரியமில்லை.

சொந்தப் பாட்டை நாமே மேகத்தில், அதாவது இன்டர்நெட்டில் ஒரு கம்பெனியின் சர்வரில், ஏற்றி வைக்கிற ஏற்பாடு ஒரு காலத்தில் தாராளமாக இருந்தது. கூகுள் பிளே மியூசிக்கில் 50,000 பாட்டு வரை இலவசமாக ஏற்றலாம், அது 2020-ல் மூடப்பட்டது. அமேசானும் சந்தா கட்டினால் இரண்டரை லட்சம் பாட்டு வரை வைத்துக்கொள்ள விட்டது, அந்தச் சேவையை நிறுத்தப் போவதாக 2017 டிசம்பரில் அறிவித்து, பிறகு நிறுத்தியும் விட்டார்கள். யூடியூப் மியூசிக்கில் இப்போதும் ஒரு லட்சம் வரை ஏற்றலாம். ஆப்பிள் வழியில் போகிறவர்களுக்கு ஐடியூன்ஸ் மேட்ச் இருக்கிறது, அதிலும் ஒரு லட்சம், ஆப்பிளின் ஸ்பீக்கரான ஹோம்பாடில் அது பாடும். எங்கள் வீட்டில் ஆப்பிள் பொருள் எதுவும் கிடையாது என்பதால் அதைப் பற்றி மேலே பேச எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் அப்பாவின் டேப்பை இன்னொருவர் கிடங்கில் வைத்துவிட்டு, நாளைக்கு அவர்கள் பூட்டினால் மறுபடி தூக்கிக்கொண்டு அலைவதில் எனக்குச் சம்மதம் இல்லை. மூல ஃபைல் வீட்டில் இரண்டு டிஸ்க்கில், தம்பி வீட்டில் ஒரு டிஸ்க்கில் இருக்கிறது. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

அடுத்த வழி மீடியா சர்வர். வீட்டிலேயே ஒரு சின்னக் கணினியில், நான் ராஸ்பெர்ரி பையில் செய்தேன், சர்வர் மென்பொருளை ஓட்டி, ஸ்பீக்கரில் அதற்கான ஸ்கில்லை (போனுக்கு ஆப் மாதிரி ஸ்பீக்கருக்கு இது) சேர்த்துவிட்டால், நாம் கேட்கிறபோது பாட்டு வீட்டு டிஸ்க்கிலிருந்து வரும். வேலை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கரின் பெயர், ஸ்கில்லின் பெயர், அப்புறம் பாட்டின் பெயர் என்று ஒரு நீளமான இங்கிலீஷ் வாக்கியத்தைத் தடுமாறாமல் சொல்ல வேண்டும். சொல்லி முடித்து ஐந்தாறு விநாடி கழித்துத்தான் சத்தம் வரும். மழைக்காலத்தில் இரண்டு நாள் இன்டர்நெட் போனது, பாட்டு இருக்கிற டிஸ்க் அதே அலமாரியில் இருந்தும் ஒரு பாட்டுக்கூட கேட்க முடியவில்லை. பேச்சு வெளியே போய்த் திரும்பினால்தான் எல்லாமே. எனக்கு இந்தப் பெட்டியின்மேல் மனசு விட்டுப்போனது அந்த இரண்டு நாளில்தான்.

பெயர்த் தொல்லையும் அப்படியே இருந்தது. சர்வர் தேடுவது ஃபைலுக்கு உள்ளே பாட்டு, பாடியவர் பெயரெல்லாம் எழுதி வைக்கிற டேகை, ஃபைலின் பெயரை அல்ல. நான் ஆசையாகத் தமிழில் டேக் போட்டிருந்தேன், பேச்சு இங்கிலீஷ் எழுத்தாக வருவதால் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. சரி என்று இங்கிலீஷில் மாற்றினால், எந்த ஸ்பெல்லிங்? தோடிக்கு வெறும் டி-யும் எழுதுகிறார்கள், டி-யோடு ஹெச்சும் சேர்க்கிறார்கள், சங்கராபரணத்துக்கு எஸ் மட்டும் போடுபவர்களும் உண்டு, எஸ்ஹெச் போடுபவர்களும் உண்டு. நாம் ஒன்று எழுதினால் அது வேறொன்றாகக் கேட்கிறது. மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக டேக் மாற்றிச் சலித்துப் போனேன்.

வழி காட்டியது அப்பாதான். ஒருநாள் நான் ஏதோ ஒரு பைரவிக்காக மல்லாடிக்கொண்டிருந்தபோது நோட்டைப் புரட்டாமலே, "அது நூத்திப் பதினேழுப்பா" என்றார். அவருக்கு எல்லா நம்பரும் மனப்பாடம். ராகப் பெயர் எதுவுமே புரியாத இந்தப் பெட்டிக்கு இங்கிலீஷ் எண் மட்டும் அட்சரம் பிசகாமல் புரியும், டைமர் வைக்கிறபோது பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரியே ஒவ்வொரு கேசட்டையும் ஒரு பிளேலிஸ்ட் ஆக்கி, டேப் 1, டேப் 2 என்று பெயர் வைத்தேன். முதலில் ஏ, பி என்று பக்கம் பிரித்தேன், பி-யை டி என்றும் ஈ என்றும் கேட்டது, சைட் ஒன், சைட் டூ என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. காலையில் அப்பா "டேப் ஃபார்ட்டி த்ரீ, சைட் டூ" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் டேப்பின் இரைச்சல், அதன்மேல் பாட்டி குரல். அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள்.

அதனால் சொந்தச் சேகரிப்புக்கு ஸ்மார்ட் ஸ்பீக்கர்தான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை இது ஒன்றுதான்: பாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், நம்பர் வைத்துக் கேளுங்கள். உங்களிடம் கணக்கு நோட்டு இல்லையென்றால் ஒன்று போடுங்கள்.

இதிலும் தீராத குறை ஒன்று உண்டு. சி.டி.யிலிருந்து எடுத்த கச்சேரிகளில் ராகம் ஒரு டிராக், தானம் ஒரு டிராக், பல்லவி ஒரு டிராக் என்று வெட்டியிருப்பார்கள். ஒரு டிராக் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் என் பெட்டி இரண்டு விநாடி வாயை மூடிக்கொள்கிறது, சரியாகத் தானம் எடுக்கிற இடத்தில் ஸ்ருதி அறுந்து போகிறது. ஷஃபிள் ஆகி வரிசை கலைந்துவிட்டால் ராகமே பாடாமல் பல்லவி வரும். கர்நாடக சங்கீதம் கேட்கிறவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆடாசிட்டியில் மூன்றையும் ஒட்டி ஒரே ஃபைல் ஆக்கிவிட்டேன், வேறு வழி தெரியவில்லை.

புளூடூத்தில் போனை இணைத்துப் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம், சுலபமும்கூட. ஆனால் அப்போது குரல் அதிகாரம் நிறுத்து, அடுத்தது, சத்தம் கூட்டு என்பதோடு முடிந்துவிடும், பாட்டைத் தேடுவது மறுபடி போனில்தான். ஆலாபனை நடுவில் வாட்ஸ்அப் மணி அடிக்கும், போன் வந்தால் பாட்டு நிற்கும், போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனால் விட்டு விட்டுக் கேட்கும். அப்பாவுக்கு வாங்கியதன் நோக்கமே அதில் போய்விடுகிறது.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த அளவுப் பெட்டிக்குச் சத்தம் நல்ல சத்தம், பேச்சுக் குரல் தெளிவாக இருக்கிறது. ஆனால் தவிலில் கனத்த ஒலி தருகிற தொப்பிப் பக்கம் வெறும் தட்டலாகத்தான் கேட்கிறது, நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனால் காது கூசுகிறது. பழைய ஆம்ப்ளிஃபயர் இருப்பவர்கள் அதில் இணைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், வாங்கும் முன்பு பெட்டியின் பின்பக்கம் ஆக்ஸ் பின் சொருக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடலில் இருக்கிறது, சிலதில் இல்லை. இருந்தாலும் அது ஒலியை வெளியே அனுப்பவா, உள்ளே வாங்கவா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றல்ல.

கடைசியில் நாங்கள் என்ன செய்தோம் என்றால், பென்டிரைவ் போடுகிற சாதாரண ஸ்பீக்கர் ஒன்றைக் கூடத்துக்கு வாங்கினோம். சரிகமா கார்வான் மாதிரி 5,000 பாட்டோடு வருகிற பெட்டியிலும் பென்டிரைவ் போட இடம் உண்டு, ஆனால் எங்களுக்கு உள்ளே பாட்டு தேவைப்படவில்லை. எங்களுடைய 22 ஜிபியும் 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் அடங்கிவிட்டது. ஃபோல்டருக்கு டேப் நம்பர், பெரிய பட்டனுள்ள ரிமோட், இன்டர்நெட் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். ஸ்மார்ட் ஸ்பீக்கர் அடுக்களைக்குப் போய்விட்டது. அங்கே அம்மா அதில் சினிமாப் பாட்டு கேட்கிறாள், இட்லிக்கு டைமர் வைக்கிறாள், அவள் கேட்கிற பாட்டை அது பத்துக்கு ஒன்பது தடவை சரியாகவே போடுகிறது, அந்த வேலைக்கு நான் முழு மார்க் கொடுப்பேன். அப்பாவும் ஒரே ஒரு டேப்புக்கு மட்டும் இன்னும் அடுக்களை வாசலில் வந்து நின்று, நம்பரைச் சொல்லிக் கேட்கிறார்.