பங்குனியில் மேலங்கி போடச் சொன்ன வானிலை ஆப்

போனோடு சேர்ந்து வந்த ஒரு வானிலை ஆப்பைத்தான் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம், சூரியனும் மேகமும் பொம்மை மாதிரிச் சிரிக்கும், அநேகமாக உங்கள் போனிலும் கிடக்கும். பங்குனியில் ஒரு நாள் விடியக்காலையில் அது ஒரு அறிவித்தல் அனுப்பியது: உங்கள் பிரதேசத்துக்கான வசந்தகால வானிலை, காற்று பலமாக வீசும், இடிமழை வரும், வெப்பநிலை குறையும், மேலங்கி கையோடு இருக்கட்டும். நான் கல்லடியில் ஃபேனுக்குக் கீழே சாரத்தோடு வியர்த்துக் கொட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இது எந்த ஊருக்கு மனே?" என்று கேட்டார்.

முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. மார்ச்சும் ஏப்ரலும் நமக்கு முதலாவது இடைப்பருவம், வாடைக்காற்று ஓய்ந்து தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு இடைப்பட்ட காலம், பின்னேரம் இடிமழை வரும், மழைக்கு முன்னால் தகரத்தைத் தூக்குகிற மாதிரி ஒரு காற்றும் வரும். குளிர்தான் கிடையாது, மழை விட்ட பிறகு ஒரு மணித்தியாலம் உடம்புக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். நான்கு பருவம் உள்ள ஒரு நாட்டுக்கு எழுதினதை அப்படியே மட்டக்களப்புக்கும் அனுப்பிவிட்டார்கள் போல.

இதைச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன், எட்டு மூடை நெல் நனையாமல் இருந்திருந்தால். மச்சானுக்குக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வெள்ளாமை. பெரும்போக அறுவடை முடிந்து நெல்லை ரோட்டில் காயப்போட்டிருந்தோம். பதினொரு மணிக்கே மச்சான் மேற்கைப் பார்த்து, கறுக்குது, படங்கு எடுப்போமா என்றார். நான் போனைப் பார்த்து, பத்து வீதம்தான் மழை, பயப்படாதீங்க, முதலில் சோற்றைத் தின்போம் என்றேன். இரண்டே முக்காலுக்குக் காற்று வந்தது, மூன்றுக்கு மழை. ஓடிப்போய்ப் பாதியைத்தான் மூட முடிந்தது, மிச்சத்துக்குக் கொள்வனவுக்கு வந்தவர் சொன்ன விலையை எழுத விருப்பமில்லை. அந்த நேரத்திலும் ஆப்பில் சூரியன் சிரித்துக்கொண்டே இருந்தது, அதுதான் எனக்கு மகா எரிச்சல்.

ஏன் இப்படி என்று பிறகு தேடி வாசித்தேன். வானிலையைக் கணினியில் கணிக்கிறதுக்குப் பெயர் மாடல், உலகத்தில் நல்லது என்று சொல்லப்படுகிற ஐரோப்பிய மாடல் பூமியை ஏறக்குறைய 9 கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறது. நம்முடைய பங்குனி இடிமுகில் ஒன்று அந்த ஒரு கட்டத்துக்குள்ளேயே பிறந்து, கொட்டி, கலைந்துவிடும். பகல் வெயிலில் நிலம் சூடாகி, கடல்காற்று உள்ளே வந்து, இரண்டும் சேர்கிற இடத்தில் முகில் எழும்புகிறது. அது கொக்கட்டிச்சோலையிலா களுவாஞ்சிக்குடியிலா என்று காலையிலேயே ஒரு ஆப் சொன்னால் அது சும்மா ஒரு துணிச்சல்தான். வளிமண்டலவியல் திணைக்களத்தின் தமிழ் அறிக்கையில் "பி.ப. 2.00 மணிக்குப் பின்னர்" என்று வரும்போதெல்லாம் தினமும் இதையே எழுதுகிறார்களே என்று பகிடி பண்ணுவேன், இப்போது பண்ணுவதில்லை.

சரி, இப்போது பாவிப்பது விண்டி (Windy) என்ற ஆப். செக் நாட்டுக்காரர்கள் செய்தது, இலவசமாகவே போதும். இதில் பொம்மைச் சூரியனைத் தேடக்கூடாது, காற்றைப் பார்க்க வேண்டும். படத்தில் காற்று கோடு கோடாக ஓடும், எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே வளைகிறது, எங்கே இரண்டு காற்று முட்டுகிறது என்று கண்ணாலேயே தெரியும். ஐரோப்பிய மாடலையும் அமெரிக்க மாடலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், இரண்டும் ஒன்றையே சொன்னால் நம்பு, பிரிந்தால் அடுத்த நாள் திரும்பப் பார். பெரிய விஷயங்களுக்கு இது உண்மையிலேயே கெட்டிக்காரன். 2024 நவம்பரில், பிறகு ஃபெங்கல் என்று பெயர் வைத்தார்களே, அந்தத் தாழமுக்கம் நம் கரையோரமாக மெல்ல ஊர்ந்தபோது அம்பாறையும் நாங்களும் வெள்ளத்தில் கிடந்தோம். அந்தச் சுழி வருவதை மூன்று நாளைக்கு முன்பே படத்தில் பார்த்து அரிசி, மெழுகுதிரி, அம்மாவின் பிரஷர் குளிசை எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளியில் கூரை போன வீட்டில் இருந்தவர் அம்மா. படத்தில் அந்தச் சுழியைக் காட்டினதும் வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

குறை இல்லாமல் இல்லை. காற்றின் வேகம் முதலில் நொட்ஸில்தான் வரும், கடலுக்குப் போகிறவர்களுக்குச் சரி, எனக்குக் கிலோமீற்றராக மாற்றத் தெரியாமல் ஒரு வாரம் 1.85 ஆல் பெருக்கிக்கொண்டிருந்தேன் (அந்த அலகைத் தொட்டாலே மாறுமாம்). இலவசத்தில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு கணக்குத்தான் காட்டும், மணிக்கு மணி வேண்டுமானால் காசு. டேட்டாவையும் நன்றாகத் தின்னும். அப்புறம் குளிர் விஷயத்தில் இரண்டு ஆப்புமே எனக்கு உதவவில்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரில் செத்தன. வெறும் வெப்பநிலை இலக்கத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, காற்றையும் மழையையும் வெட்டையில் நிற்கிற மாட்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

போனோடு வந்ததுக்கு 5க்கு 1, அதுவும் சிரிக்கிற சூரியனுக்காக. விண்டிக்கு 4. பழைய ஆப்பை அழிக்கப் பார்த்தேன், அழியவில்லை, போனோடு வந்தது அப்படித்தானாம். மச்சானுக்கு அது கிடப்பது சந்தோஷம். போன கிழமையும் வட்டையிலிருந்து எடுத்தார்.

"மேற்கால கறுத்துக் கிடக்கு. உன்ட போன் என்ன சொல்லுது?"

"பத்து வீதம்."

"மறுகா எடுக்கிறன், படங்கை விரிக்கணும்."